செத்த ராசா எழுந்திருக்கவில்லை

இன்று சாயங்காலம் கூத்துக் களத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் சிவா, மருமகள் ராணி, கூத்து மாஸ்டர் மாரிமுத்து, எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி பவளம். மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

சிவாவுக்கு எரிந்து சாகிற ராசா வேஷம். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாடுதான், சாராயத்தைத் தொடக்கூடாது. தேயிலை மலை வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தான்.

ராசா செத்ததும் பவளம் முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதாள். "ஐயோ, போயிட்டானே மவராசன்!"

ஒப்பாரி முடிந்ததும் செத்தவன் எழுந்திருக்க வேண்டும். இவன் எழவில்லை.

"என்னா நடிப்பு!" என்று கூட்டம் கைதட்டியது. நான் ஓடிப்போய் உலுக்கினேன். அசையவில்லை.

"ஊத்திக்கிட்டு வந்திருப்பான்," என்றாள் பவளம்.

மாரிமுத்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் பசி மயக்கம் கலைந்து சிவா கண்ணைத் திறந்தான். "அம்மா, கைதட்டுனாங்களா?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது வீட்டில் ராணி சுடச்சுட ரொட்டி போட, தின்றுகொண்டிருக்கிறான்.

கூத்து முடிவில் மாரிமுத்து வழக்கம்போல் புத்தி சொன்னார்: "அடுத்தவங்க துக்கத்துக்கு எரங்கணும், அதுக்குத்தான் இந்தக் கூத்து." எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவள் பவளம்.

வேண்டுமானால் மன்னித்துவிடச் சொல்லிப் பதில் எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் பவளத்தை மன்னிக்கமாட்டேன்.