முன் இருக்கையில் சம்மணம்

காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பாசுரம் சொல்லலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நின்று சொல்லலாம்; உட்கார்ந்தால் சம்மணமிட்டே சொல்ல வேண்டும். என் தகப்பனார் ரயில் பெட்டியிலும் அப்படித்தான் அமர்ந்தார். நான் அதைக் காருக்குள் கொண்டுவந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணி வியாபாரம் நிமிர்ந்திருந்த நாளில், ஓர் அம்பாசிடர் வாங்கினோம். அதன் முன் இருக்கை பிளவில்லாமல் ஒரே நீளமாக இருந்தது. இடப்பக்க ஜன்னலோரம் நான் கால் மடக்கி அமர்ந்தாலும் ஓட்டுபவருக்கு இடையூறில்லை. எனக்குப் பின்னால் என் மனைவி பூக்கூடையை மடியில் ஏந்தி உட்காருவாள். பெருமாளுக்குரியதைக் கால் படும் இடத்தில் வைக்கக்கூடாது. ஸ்டெப்னி கிடக்கும் டிக்கியிலும் வைக்கக்கூடாது. ஆகவே போகும் வழி முழுதும் அது அவள் மடியில்தான். புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோம். ஊரைத் தாண்டியதும் தொடங்கினேனென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும்போது பத்துப் பாசுரம் முடிந்திருக்கும். என் குரலுக்குப் பின்னே அவள் மெல்லிய குரலும் தொடர்ந்து வரும். அந்நாளில் அது இல்லாமல் நான் அந்த மலைக்குப் போனதில்லை.

தொண்ணூறுகளில் அம்பாசிடர் தளர்ந்தது. சிறிய கார் போதும் என்றான் மகன். பார்த்த வண்டிகளிலெல்லாம் கூரை தாழ்ந்திருந்தது. ஏறுவது போலன்றிக் குழிக்குள் இறங்குவது போலிருந்தது. முன்னிருக்கையும் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு கிண்ணமாக இருந்தது. கடைசியாக ஒரு சிவப்பு வண்டியைத் தரகர் காட்டினார்.

"அய்யா, காலை நல்லா நீட்டி உக்காந்து பாருங்க."

"நீட்டுறதுக்கில்லவே, மடக்குறதுக்கு இடம் வேணும்."

மகன் சிரித்துவிட்டான். "ஊருல எல்லாரும் எஞ்சினைப் பாப்பாக. எங்கப்பா சம்மணம் போட்டுல்லா பாக்காக!"

தரகர் இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்தார். இருக்கை கடைசிவரை பின்னால் நகர்ந்தது. முழங்கால் இரண்டும் தட்டாமல் அடங்கின. "இதுவே போதும்" என்றேன். என் மனைவியை நான் உடன் அழைத்துச் செல்லவில்லை. அந்த வண்டியின் பின்கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு வலது முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்த காலம் அது. பின்னிருக்கையின் வலப்பக்கம் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் நிறைந்துகொள்வார்கள். இடப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால், இவளும் கூடையும். முதல் சனிக்கிழமையே கேட்டாள்:

"ஏங்க, சீட்டைச் செத்த முன்னால தள்ளுதீகளா?"

நான் பாசுரத்தின் நடுவில் இருந்தேன். இடையில் பேசுவது அபசாரம் என்பதால் கையை உயர்த்தி அமர்த்தினேன். அவள் அடங்கினாள். பாசுரம் முடிந்த பிறகு என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

"நடை சாத்திருவாக. சுருக்கா வா."

"வாரேன், வாரேன். காலு மரத்துப் போச்சு. பெருமாள் எங்க ஓடிரப் போறாரு?"

அடுத்த புரட்டாசியில், இரண்டாம் சனிக்கிழமை, பூக்கூடையை மருமகளிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கனயே கும்பிட்டுக்கிடுதேன்."

"ஏட்டி, டிவி முன்னால உக்காந்தா மட்டும் காலு வலிக்காதோ? ஒனக்குப் பக்தி வத்திப் போச்சு."

பிறகு மூன்று புரட்டாசிகள் வந்து போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே மாலை கட்டிக் கூடையில் வைத்தாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை. என் பின்னே குரல் இல்லாமலே நான் பத்துப் பாசுரத்தையும் சொல்லி முடித்தேன். அவளுடைய நெஞ்சு பெருமாளை விட்டு விலகிவிட்டதே என்று உண்மையாகவே வருந்தினேன். சந்நிதியில் நின்று அவளுக்காக வேண்டியும் இருக்கிறேன். நான்காம் ஆண்டு ஆடியில், காய்ச்சலில் போய்விட்டாள்.

மறுவருஷப் புரட்டாசியில் மகனுடைய மாமனார் வந்திருந்தார். சம்பந்திக்கு முன் இருக்கையைக் கொடுப்பதுதான் முறை. மருமகளும் பிள்ளைகளும் வலப்பக்கம் ஏற, அந்த வண்டியில் முதன்முறையாக நான் பின்னால் அமர்ந்தேன். கூடை என் மடிக்கு வந்தது.

"காலை நீட்டிக்கிடுதேன் சம்மந்தி" என்று அவர் கம்பியை இழுத்தார். இருக்கை வந்து என் முழங்காலில் இடித்தது.

சம்மணமிட முயன்றேன். மடக்குவது இருக்கட்டும், பாதத்தை ஒரு விரற்கடை நகர்த்தவும் இடமில்லை. முழங்காலைக் காத்துக்கொள்ள முன்னிருக்கையின் முதுகில் கை வைத்தேன். உறைக்குள் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எங்கள் பேண்டேஜ் துணியை நாலைந்தாக மடித்து உள்ளே வைத்துத் தைத்திருந்தது. என் வலது முழங்கால் இடிக்கும் அதே இடம்.

"இது என்னலே?"

மகன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "அம்மா வச்சுத் தச்சதுப்பா. முட்டு இடிக்குதுன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்லா?"

"சொன்னாகளே. நீங்க கையைக் காட்டிட்டீக."

சம்பந்தி ஒன்றும் விளங்காமல், "ஏன் சம்மந்தி, இன்னைக்குப் பாசுரம் இல்லையா?" என்றார். நான் அந்தத் தையலின் மேல் விரலை வைத்திருந்தேன். நெருக்கமான சிறிய தையல்கள். உட்கார முடியாமல் நின்றுபோன ஒருத்தி, முதலில் இப்படியெல்லாம் செய்து உடன்வரப் பார்த்திருக்கிறாள்.

அடிவாரத்தில் இறங்கினேன். கால் மரத்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நடை சாத்திருவாகப்பா" என்றான் மகன். நின்றபடி பாசுரம் சொல்லலாம் என்ற வழக்கம் நினைவுக்கு வந்தது. சொல்லாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அதன்பின் வண்டியில் நான் முன்னால் அமர்ந்ததில்லை. இடப்பக்கம், பின்னால், கூடையோடு அமர்கிறேன். முன்னே யார் அமர்ந்தாலும் இருக்கையைத் தள்ளச் சொல்வதில்லை.