சிவப்புக் கட்டம்

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் பார்த்துப் பழகியது.

ஒரே லினக்ஸ் மெஷினுக்குள் நோயாளிகளின் பதிவுகளுக்கு இரண்டு சேர்வர் வைத்திருந்தோம். ஒன்று அசல். மற்றது நகல், நர்சுகள் பழகுவதற்கு. சேர்வர் தன்னோடு தானே பேச ஒரு விலாசம் உண்டு, 127.0.0.1. லூப்பேக் என்பார்கள். ஒரே மெஷினில் இரண்டு இருந்தால் அதைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. கொடுக்காமலே ஓடியது. ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நகல்தான் என்றாலும் நோயாளியின் பதிவில் விளையாட மாட்டோம். பாவம் என்போம். அவரவர் வீட்டு ஆளின் பதிவில்தான் பழகுவோம். அன்று பின்னேரம் புது நகல் எடுத்து, என் மனைவியின் பதிவைத் திறந்தேன். தொழில் என்ற இடத்தில் மந்திரி என்று அடித்தேன். அவளுக்குப் பென்சிலின் ஆகாது. அதைக் காட்டும் சிவப்புக் கட்டம் அழிகிறதா என்று பார்த்தேன். அழிந்தது.

மறுநாள் காலை மின்சாரம் போய் வந்தது. எல்லாம் தானாக எழும்பின. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பத்து மணிக்கு மனைவியைக் கொண்டுவந்தார்கள். காலில் சீழ், கடும் காய்ச்சல். வார்டில் சேர்த்துவிட்டு என் அறைக்கு வந்தேன். பகல் வார்டுக்குத் திரும்பப் போனபோது, மேசையில் இருந்த நர்ஸ் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, அக்கா மந்திரின்னு சொல்லவே இல்லையே. வாசல்ல பொலிஸ் போடணுமா?"

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. அதை நான் அசலில் எழுதவில்லை.

"திரையைத் திருப்புங்க தங்கச்சி."

சிவப்புக் கட்டம் இல்லை. காலையில் நகல் முந்தி எழும்பி விலாசத்தைப் பிடித்திருக்கிறது. அசல் தன்னைக் கூப்பிட்டபோது நகல் பதில் சொல்லியிருக்கிறது. வார்டுத் திரையில் வந்தது நகலின் பதிவு.

"ஊசி போட்டாச்சா?"

"இப்பதான் பெரிய மிஸ் கொண்டு போறாங்க. ஏதாச்சும் ஆகாதான்னு கேட்டோம். அக்கா எல்லாத்துக்கும் சரி சரின்னாங்க."

என் மனைவி அப்படித்தான். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வெள்ளை உடுப்புக்கு எதிர்ப் பேச்சு பேச மாட்டாள்.

ஓடினேன். பெரிய மிஸ், வார்டின் தலைமை நர்ஸ், கட்டிலருகே நின்றார். ஊசி மனைவியின் கைக்குழாயில் செருகியிருந்தது.

"மிஸ், தள்ளாதீங்க. பென்சிலின் இவளுக்கு ஆகாது."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே."

"அது பொய். நான்தான் அழிச்சேன்."

அவர் ஊசியைக் கழற்றினார். மருந்து குறையவில்லை.

"என்னங்க, இப்படியா ஓடி வருவாங்க," என்றாள் மனைவி. "விழுந்திருந்தா?"

பெரிய மிஸ் என்னைப் பார்க்கவில்லை. மற்றக் கட்டில்களைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லாருக்கும் அதே திரையைப் பார்த்துத்தான் மருந்து போயிருக்கிறது.

"கடதாசிப் பைலை எடுங்க," என்றார். "முதலாம் கட்டில்லேருந்து."

நான் கீழே வந்து இரண்டுக்கும் விலாசத்தைப் பிரித்தேன். 127.0.0.2, 127.0.0.3. ஐந்து நிமிஷ வேலை. மேலே அவர்கள் கடைசிக் கட்டிலை முடிக்கும்வரை நான் கதிரையில் உட்காரவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் மின்சாரம் போய் வந்தால் மனைவியின் பதிவைத்தான் முதலில் திறக்கிறேன். கட்டம் தெரிந்த பிறகுதான் மற்ற வேலை.