கியாசுதீன் விளக்கிய மெர்ஜர்

அனுப்பர்பாளையம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் கியாசுதீனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். பெரிய கம்பெனி ஒன்றோடு மெர்ஜர் என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டியதும் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணாச் சேருதுங்க. யாருக்கும் வேலை போகாதுங்க."

தீபாவளி முடிந்தால் டெய்லர்கள் வேறு கம்பெனிக்கு மாறுவது திருப்பூர் வழக்கம். அவரை நம்பி அந்த வருஷம் ஒருவரும் மாறவில்லை.

பொங்கலுக்குள் தையல் பிரிவையே மூடினார்கள். பெரியது சின்னதை விழுங்கினாலும் இங்கிலீஷில் மரியாதையாக மெர்ஜர் என்றுதான் எழுதுவார்களாம். இது தெரியாமல் என்னத்தைப் படித்தோம் என்று கியாசுதீன் தன்னையே திட்டிக்கொண்டார். அவர் வேலை மட்டும் தப்பியது.

கேட்டில் டெய்லர் முத்துப்பேச்சி, கம்பெனி கொடுத்த ஒரு புது இங்கிலீஷ் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்காகன்னு சொல்லுங்க பாய். நீங்கதான படிச்சவுக."