பிரிக்க வேண்டாத சாரம்

இந்தச் சிங்கப்பூர் ரயிலில் ஊன்றுகோலோடு ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். காலுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை பஸ்ஸாக இருந்தால் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, இறங்குவதற்குள் எந்தக் கால், எந்த டாக்டர், தன் மச்சானுக்கு இப்படி ஆனபோது என்ன செய்தார்கள் என்று முழு விசாரணையும் முடிந்திருக்கும். அங்கே இருந்தபோது அது எனக்கு எரிச்சல். இங்கே யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. கேட்டிருந்தால் என் பயத்தைச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஜூரோங் கப்பல் பட்டறையில் எனக்குச் சாரம் கட்டும் வேலை. குழாயும் பலகையுமாக நாங்கள் கட்டிக் கொடுத்தால்தான் வெல்டரும் பெயிண்டரும் மேலே ஏற முடியும். ஏறி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே வலித்தது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புக்குள் ஒரு பொந்து. ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் விட்டுவைத்தால் ஒருநாள் ஏணியில் கால் வைக்கும்போதே எலும்பு முறியும் என்றார்கள்.

சீனப் பெண் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, எலும்பின் சுண்ணாம்புச் சத்தைப் போலவே செய்த, பஞ்சு மாதிரித் துளையுள்ள ஒரு பொருளை வைப்பார்களாம். என் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து அதில் ஊறவிடுவார்களாம். பொருளை மட்டும் வைத்தால் எலும்பு வளர நாளாகும். செல்லை மட்டும் விட்டால் பற்றிக்கொள்ள இடம் இருக்காது. அதனால் இரண்டும்.

“இட்ஸ் எ ஸ்காஃபோல்ட். யூ நோ ஸ்காஃபோல்ட்?” என்றார்.

சாரத்தைத்தான் சொல்கிறார். யாரிடம் கேட்கிறார்! “மை ஜாப், டாக்டர்” என்றேன் பெருமையாக.

அந்தப் பெருமைதான் வினையாகப் போனது. எங்கள் தொழிலில் கட்டிய சாரத்தை வேலை முடிந்ததும் பிரித்தே ஆகவேண்டும். கப்பல் கடலுக்குப் போகும்போது நாங்கள் அங்கே இருந்த அடையாளமே மிஞ்சாது. ஆகவே காலைத் திறந்து வைத்ததை, மறுபடி திறந்து எடுப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த நாட்களைக் கம்பெனி பொறுத்துக்கொண்டது. இன்னொரு ஆபரேஷன், இன்னொரு விடுப்பு என்றால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். மனைவி செல்வியிடம் போனில் எல்லாம் நல்லபடி என்பேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூட்டாளிகளோடு உட்கார்ந்தால் என் பரோட்டாவைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடுவேன்.

போன வாரம் மறுபரிசோதனை. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் “வெரி குட்” என்றார். இனியும் தாங்காது, எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“டாக்டர், வென் டிஸ்மாண்டில்?”

“டிஸ்மாண்டில் வாட்?”

நான் காலைத் தொட்டுக் காட்டினேன். காலையே கழற்றச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவசரமாக இந்த ஊர்த் தமிழ் நர்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என்னிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தது.

“அண்ணே, அத யாரும் எடுக்க மாட்டாங்க லா. உங்க செல்லே கொஞ்சம் கொஞ்சமா அதக் கரைச்சிடும். கரையற எடத்துல உங்க எலும்பு வந்துடும்.”

“அப்ப இன்னொரு ஆபரேஷன்?”

“எதுக்கு? அடுத்த மாசம் லைட் ட்யூட்டி ஸ்டார்ட் பண்ணலாம்னு சொல்றாங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் சுமந்த பாரம் ஒரு நொடியில் இறங்கியது. திரும்பும் ரயிலில் வழக்கம்போல ஒரு பையன் எழுந்தான். “நோ நீட், லெக் ஓகே ஆல்ரெடி” என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அவன் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

செல்வியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டித் தீர்த்தாள். பிறகு கேட்டாள்:

“ஏங்க, தீவாளிக்கு நீங்க வர்றப்ப அந்தச் சிங்கப்பூர் சாமான் காலுக்குள்ள இருக்குமா, கரைஞ்சிருக்குமா?”

“பாதி இருக்கும்,” என்றேன். “மீதி நான்தான்.”