கறிவேப்பிலைத் தொட்டியில் போனது

கொல்லம் ஆண்டு 1107 ஆவணியில், அதாவது 1931இல், என் சித்தி கப்பலேறினார். சித்தப்பா வேலை பார்த்த தீவு கொழும்பிலிருந்து பல நாள் பயணம். கல்யாணமாகி ஓராண்டாகியும் சித்தி அங்கே போக மறுத்து மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். காரணம், பாம்பு. கிணற்றடிக்குக்கூட நான் முன்னால் தரையை மிதித்துக்கொண்டு போனால்தான் வருவார். தெரியாத தீவில் என்ன கதி?

விடுப்பில் வந்த சித்தப்பா சிரித்தார். “அங்க பாம்புன்னு பேருக்கு ஒண்ணு கெடையாது, கேட்டியா? வெறுங்காலோட எங்கயும் நடக்கலாம்.”

“வேதப்புத்தகத்துல கைய வச்சுச் சொல்லுங்க, பாப்போம்.”

சத்தியம் செய்யக் கூடாதென்று அதே புத்தகத்தில் இருப்பதை அப்பா நினைவூட்டினார். ஆனாலும் சித்தப்பா கை வைத்தார். சித்தி மறுநாளே பெட்டி அடுக்கினார்.

அங்கே கறிவேப்பிலை கிடைக்காது என்பதால் ஒரு கன்றை எங்கள் தோட்டத்து மண்ணோடு தொட்டியில் எடுத்துக்கொண்டார். எட்டு வயதான நான் என் பங்குக்கு எருக்குழியைக் கிளறி ஆறு மண்புழுக்களைப் பிடித்துப் போட்டேன். ஒன்று மட்டும் கறுத்து மினுங்கியது. வழவழவென்று விரலிடுக்கில் நழுவியது.

“ஏட்டி, அதுக்குள்ள என்னத்தப் போட்ட?”

“மண்புழு, சித்தி. செடி நல்லா வளரும்.”

“எனக்க மக்களே! உனக்குத்தான் எம்மேல கரிசனம்” என்று கன்னத்தில் முத்தமிட்டார்.

1109 சித்திரையில் வந்த கடிதத்தை அப்பா உரக்க வாசித்தார். கறிவேப்பிலையின் அடிமண்ணைக் கிளறியபோது கறுப்புக் கம்பிபோல் ஒரு குட்டிப் பாம்பு; பிறகு அடுக்களையில் இரண்டு. அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்று தீவுக்காரர்கள் சொன்னார்களாம். அது சித்தப்பா சொல்லிக்கொடுத்த பாடம் என்று சித்தி எழுதியிருந்தார். “வேதத்துல கை வச்சுப் பொய் சொன்ன மனுசனோட எப்படி இருக்கது?” என்று கடிதம் முடிந்தது.

எனக்கு அந்தக் கறுத்த புழு நினைவுக்கு வந்தது. ஆனால் நான் போட்டது ஒன்று, அங்கே மூன்று. வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். எனவே இது வேறு என்று முடிவு செய்து, வாயைத் திறக்கவில்லை.

1110 தையில் சித்தி தனியாகத் திரும்பி வந்தார். சித்தப்பா வரவேயில்லை; கடைசிவரை அந்தத் தீவிலேயே இருந்தார்.

பார்க்க மண்புழுவைப் போலவே இருக்கும் புழுப்பாம்பில் ஆணே கிடையாது, ஒன்று தனியாகவே முட்டையிட்டுப் பெருகும் என்று ஒரு நூலில் வாசித்தபோது எனக்கு அறுபது கடந்திருந்தது. சித்தப்பாவுக்காகச் சாட்சி சொல்ல அன்று அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் சித்தி வந்துவிட்ட சந்தோஷத்தில், பெட்டியைத் திறக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.