வாழைப்பழம் பலகாரம் ஆகாது

துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் வாழைப்பழம் பலகாரம் ஆகாது என்று எங்கள் சொல்லாய்வு வட்டத்தின் உறுப்பினர் நால்வரும் தென்காசியில் என் வீட்டில் கூடி ஒருமனதாகத் தீர்மானித்தோம். வட்டம் தொடங்கிய நாள் முதல் எங்களுக்குள் ஒருமனது ஏற்பட்டதே இல்லை. அதைக் காண ஐந்தாம் உறுப்பினரான தங்கையா அண்ணாச்சி இல்லை. அவருடைய அடக்கத்துக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

காலையிலேயே குற்றாலத்திலிருந்து அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அழைத்திருந்தார். “அண்ணாச்சி தூக்கத்துலயே போயிட்டாவ சார். பதினோரு மணிக்கு அடக்கம். வந்துருங்க.”

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அண்ணாச்சிக்குப் பிரியமான சொல் பலகாரம். வடமொழியில் பலம் என்றால் பழம். ஆகாரம் என்றால் உணவு. விரத நாளில் சோற்றை விட்டுப் பழம் உண்டது பலாகாரம். பிறகு அப்பம் வந்தது, அதிரசம் வந்தது, முறுக்கும் வந்தது. பழம் மட்டும் வெளியேறிவிட்டது. “சொல்லு வீடு, பொருளு வாடகைக்கு வந்தவன். எப்பக் காலி பண்ணுவான்னு சொல்ல முடியாது” என்பார்.

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்துச் சிப்ஸ் கடை வாசலில் நின்று, “பலகாரத்துல பழத்துக்குச் சொந்தபந்தம்னு இப்ப மிச்சம் இருக்கது இந்த ஏத்தவாழக்காய் சிப்ஸ்தான்” என்றார். பொட்டலத்தை எங்களிடம் நீட்டியபடியே சொன்னார்: “எனக்குப் பிள்ளகுட்டி கெடையாது. பெட்டி தூக்க நாலு ஆளு வேணும். நீங்க சரியா நாலு பேரு இருக்கீங்க. அன்னைக்கும் பேசிக்கிட்டே நின்னுராதீங்கப்பா.”

“எங்க நாலு பேரையும் தூக்கிப் போட்டுட்டுத்தான் நீங்க போவீங்க, அண்ணாச்சி” என்றார் சுப்பையா. சிரித்தோம்.

அடக்கத்தன்று காலை வாழைப்பழச் சீப்போடு வந்தவரும் சுப்பையாதான்.

“துட்டி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகக் கூடாதுவே” என்றார் ஒருவர்.

“இது பழம்லாவே.”

“பலகாரம்னாலே பழம்தான். அண்ணாச்சியே சொல்லிருக்காவள்லா?”

“அது அந்தக் காலத்துப் பொருளு.”

“அப்போ அண்ணாச்சி சொன்னது செல்லாதுன்னு அவரு துட்டியில வச்சே சொல்லுதீரா?”

அகராதியை எடுத்துவந்தது நான்.

குற்றாலம் சாலையில் சீசன் நெரிசல் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னோம். அன்று சாரலும் இல்லை, கூட்டமும் இல்லை.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்லின் வரலாறு. எந்த மேடையிலும் பிழையில்லாமல் சொல்லிவிடுவேன். அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மண் மூடியிருந்தது. அந்தச் சிப்ஸ் கடையில் வேலை பார்க்கும் நான்கு பேர் பெட்டியைத் தூக்கியிருந்தார்கள்.