பார்சல் வரவில்லை, ஒழுக்கு நின்றது

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. அழுது பேசுகிறவர்களைக் கண்டால் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் யுத்தக் காலத்தில் எனக்கு நடந்த இந்தக் காரியத்தைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று பட்டதால் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் கன்டோன்மென்ட்டில், பிளாக்பள்ளியில், கரீம் பாய் என்பவருடைய மோட்டார் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் மேஸ்திரி. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை ஞானம். அவள் மைசூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் சில கிராமங்கள் உண்டு. ரோடு கிடையாது. டாக்டரம்மாவும் ஞானமும் மருந்துப் பெட்டியோடு படகில்தான் போய் வருவார்கள். படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற சிறிய மோட்டார் ஒன்று இருந்தது. அதன் கீழ்ப்பாகம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அங்கேதான் கியர் பெட்டியும் அதற்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியும் இருக்கும்.

அந்த வருஷம் மழையில் நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றுவிட்டது. கியர் பெட்டியிலிருந்து ஆயில் ஒழுகிப்போய், அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, கியரின் பற்கள் அத்தனையும் தேய்ந்துபோயிருந்தன. காற்று அடித்த பக்கமெல்லாம் படகு போனது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாறையில் போய் மோதி நின்றதால் பிழைத்தார்கள். ஞானத்துக்கு நீச்சல் தெரியாது.

மோட்டாரைச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றி ஞானமே என்னிடம் கொண்டுவந்தாள். புது கியர் கடைந்து போட்டோம். தண்டைத் தாங்குகிற உலோக வளையமான புஷ்ஷையும் மாற்றினோம். ஆயில் ஊற்றி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். சத்தம் நன்றாக இருந்தது. சற்று நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மிதந்தது. ஒழுகுகிறது.

விசிறித் தண்டைச் சுற்றி ஒரு தோல் வாஷர் உண்டு. ஆயிலை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்துவது அதுதான். சொட்டு விழுவதும் அந்த இடத்தில்தான். ஆகவே புதுத் தோல் வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். ஒழுகியது. இன்னும் தடித்த தோல் போட்டேன். ஒழுகியது. தண்டையே மெருகேற்றிப் பார்த்தேன். அப்போதும் ஒழுகியது. கம்பெனி வாஷர் வந்தால்தான் உண்டு என்று முடிவு செய்து பம்பாய்க்கு எழுதிப் போட்டேன். யுத்தக் காலம். கப்பலில் துப்பாக்கிதான் வரும், வாஷர் எங்கே வரும்?

இதற்கிடையில் அக்கரையில் காலரா கண்டுவிட்டது. மருந்து வந்து சேர்ந்ததும், ரம்ஜான் பண்டிகை கழிந்தவுடனே ஞானம் கிளம்பியாக வேண்டும் என்று ஆஸ்பத்திரி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"மோட்டார் சரியாவல. நீ போகாதே" என்றேன்.

"மோட்டார் இல்லாட்டி துடுப்பு போட்டுக்கினு போவோம் அண்ணா. ஜனங்க செத்துக்கினு இருக்காங்க."

"உனக்கு பயமே இல்லியா?"

"ஏன் இல்ல? பயந்துதானே இத்த உங்கிட்ட தூக்கினு வந்தேன்."

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள்மேல் கோபம், டாக்டரம்மாமேல் கோபம், வாஷர் செய்கிற சீமைக்காரன்மேல் கோபம். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான்.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் சூளைத் தெருவில் நடந்தது. நான் எழுந்து, பம்பாயிலிருந்து ஒரு பார்சல் வரவேண்டும், அதற்காக ஜெபியுங்கள் என்றேன். எங்கள் சபையார் ஜெபிக்க ஆரம்பித்தால் ஒன்றையும் விடமாட்டார்கள். பார்சலின் அளவு என்ன, எந்த வண்டியில் வரும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். ரயில்வேயில் வேலைபார்த்தவரின் மனைவி ஒரு அம்மாள், "குண்டக்கல்லில் வண்டி மாற்றும்போது பார்சல் தவறிப்போகாதபடி காத்தருளும் ஆண்டவரே" என்று உருக்கமாகக் கேட்டார். ஆமென் என்று நானும் பலமாகச் சொன்னேன். ஆண்டவருக்கு ரயில் அட்டவணை தெரியாது என்று நினைத்தோமோ என்னவோ.

நான் தினமும் காலையில் தபாலாபீசுக்குப் போனேன். பார்சல் வரவில்லை. பண்டிகை நெருங்கியது. எனக்கு விசுவாசம் குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு சின்ன வாஷரைக் கொண்டுவர முடியாதவர் தண்ணீரில் என் தங்கையை எப்படிக் காப்பார் என்று மனதுக்குள் கேட்டேன். கேட்டது உண்மை, மறைக்க மாட்டேன்.

ஒரு பிற்பகல் பீப்பாய்த் தண்ணீரில் மறுபடியும் எண்ணெய் மிதந்தது. கடைசல் இயந்திரத்தின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஆண்டவரே, வாஷரை நீரே வைத்துக்கொள்ளும். ஞானம் சாகாமல் இருந்தால் எனக்குப் போதும்" என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

மோட்டாரைத் தூக்கி மரத் தாங்கியில் மாட்டி, ஆயிலைத் திரும்ப ஊற்றி, மேலெல்லாம் துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்தேன். எதைத் தொட்டாலும் துடைத்து வைப்பது என் வழக்கம். ஒர்க்ஷாப்பில் என்னை அதற்காகக் கேலி செய்வார்கள்.

கரீம் பாய்க்கும் ஒரு வழக்கம் உண்டு. ரம்ஜான் பண்டிகைக்கு முன் வீட்டைப் போலவே ஒர்க்ஷாப்புக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார். கூலியாள் வைக்கமாட்டார். தானும் தம்பிமாருமாக, நோன்பு வயிற்றோடு, சட்டையைக் கழற்றிவிட்டு அடிப்பார்கள். அன்று சாயங்காலம் அதுதான் நடந்தது. சுவரில் பாதியும் சாமான்களின்மேல் பாதியுமாகச் சுண்ணாம்பு விழுந்தது. நான் துடைத்து வைத்த மோட்டார், கழுத்திலிருந்து விசிறிவரை வெள்ளை வெள்ளையாக ஆகிவிட்டது.

"என்னா பாய் இது, கொஞ்சம் சாக்கு போட்டு மூடக்கூடாதா?" என்றேன்.

"அரே மேஸ்திரி, பண்டிகை வருது. மோட்டாரும் புதுத்துணி போட்டுக்கட்டுமே, விடு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்கப் போனேன். துடைக்கக் கையை வைத்தவன் அப்படியே நின்றேன். காய்ந்த சுண்ணாம்பின்மேல் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடு தொடங்கியது விசிறிப் பக்கத்தில் அல்ல. மேலே, கியர் பெட்டியின் கழுத்தில், யாரும் பார்க்காத பின்புறத்தில். அங்கிருந்து மெல்லியதாக ஊறி இறங்கி, வளைந்து, விசிறித் தண்டின் அருகே வந்து சொட்டியிருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல்.

பழைய புஷ்ஷை அடித்து எடுத்தபோது விழுந்ததா, பாறையில் மோதியபோதே விழுந்ததா தெரியாது. இரும்பின் நிறத்தில் ஆயிலின் நிறம் தெரியவில்லை. கொஞ்சம் நஞ்சம் தெரிய இருந்ததையும் நான் தினமும் துடைத்துவிட்டேன். சொட்டு விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரீம் பாயைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நேத்து சுண்ணாம்பு பட்டுச்சின்னு என்மேல கோவிச்சிக்கினியே, இப்ப என்னா சொல்றே?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விரிசலின் இரு முனையிலும் அது மேலும் ஓடாதபடி சிறு துளை போட்டு அடைத்தோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுகிற மாதிரி, ஓர் இரும்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சிக் கழுத்தில் இறக்கினோம். ஆறும்போது அது இறுகி விரிசலை மூடியது. பிறகு பீப்பாயில் இறக்கி வெகுநேரம் ஓட்டினோம். நோன்பு திறக்கிற நேரம் வந்தும் பாய் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீரில் கையை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெ வாசனையே இல்ல. சுத்தம். அல்லா காப்பாத்திட்டான்" என்றார். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். அதைப்பற்றி எங்களுக்குள் தகராறு ஒன்றும் வரவில்லை.

பம்பாய் பார்சல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கம்பெனி வாஷரைப் போட்டிருப்பேன். கம்பெனிச் சாமான் என்ற நம்பிக்கையில், பீப்பாயில் இறக்கிச் சோதிக்காமலே அனுப்பியிருப்பேன். சபை முழுவதும் முழங்காலில் நின்று என் தங்கைக்கு ஆபத்தானதைக் கேட்டோம். ஆண்டவர் கொடுக்கவில்லை. அதற்காக நான் இன்றுவரை நன்றி சொல்லுகிறேன்.

ஞானம் மோட்டாரோடு போனாள். கிறிஸ்துமஸ் வரையில் அவளைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். யார் என்ன பேசினாலும் எனக்கு அந்தத் தண்ணீர்தான் கண்ணில் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள். திரும்பிவரும்போது நடுவில் பெருங்காற்று பிடித்ததாம். படகில் காலரா கண்ட ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். அலை உள்ளே விழுந்தது. படகோட்டி துடுப்பைப் போட்டுவிட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டான்.

"நான் உன் மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கினு உக்காந்திருந்தேன் அண்ணா. கரை வர்ற வரைக்கும் அது மாறவே இல்ல" என்றாள். பிறகு, "அந்தம்மா பொழச்சிட்டாங்க. கொழந்தைங்களும்தான். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

குழம்பை ஊற்றப்போன எனக்குக் கண் தெரியவில்லை. தட்டிலும் ஊற்றினேன், கீழே விரித்திருந்த பாயிலும் ஊற்றினேன். அவள் சிரித்தாள். நான் அழுதேன், ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஞானம் இன்றும் அக்கரைக்குப் போய் வருகிறாள். மழை வந்தால் எனக்கு இன்றும் பயம் வருகிறது. இப்போது நான் நீளமாக ஜெபிப்பதில்லை. அவள் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் ஆபத்தான தண்ணீரைக் கடக்கிற ஒருவர் இருப்பார். அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எப்படிக் கரைசேர்க்க வேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.